தெற்கு அறையில் திருட்டு மூச்சு

"வழி விடுங்க, வழி விடுங்க, இலை தூங்கிடப் போகுது."

நீளமான நடைவழியில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். வலது கையில் ஓர் இடுக்கி. அதன் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சை இலைத் துண்டு. இடது கையால் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது; இன்னொன்று வடக்கு அறை வாசலிலேயே கழன்று விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க நேரமில்லை. வெளிச்சத்தில் விழித்து வேலை பார்த்த இலை, பறித்து இருட்டுப் பக்கம் கொண்டுவந்த கணத்திலிருந்தே கொட்டாவி விட ஆரம்பித்துவிடும். அதற்குள் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். குடுவையை அறை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வரும் வண்டியின் சக்கரம் போன வாரம் கழன்றது. குடுவை நடைவழியின் அந்தக் கோடியில். எனவே ஓட்டம்.

பாதி வழியில் ஒரு கதவு திறந்து, கோப்புக் கட்டோடு ஓர் உருவம் குறுக்கே வந்தது.

"என்ன அண்ணி, எங்கயாவது பத்திக்கிச்சா?"

"நகரு முதல்ல."

நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் கோப்புகள் பறந்தன. இலைத் துண்டு குடுவைக்குள் போய் 'ஸ்ஸ்' என்றது. வெள்ளைப் புகை கிளம்பி இரண்டு பெண்களின் முகத்தையும் மூடியது.

புகை கலைந்தபோது ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தரையில் கோப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கியவளை அந்த மரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொதி என்றுதான் சொல்வார்கள். இலைக்குள் இருக்கும் நொதிகளைத் தவிர வேறெதையும் அவள் சீரியசாகப் பேசிக் கேட்டவர் இல்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மின்தூக்கி நின்றுபோன அன்றுகூட, "எழுப்பிவிடுற நொதி அதுக்குள்ள இல்லபோல" என்று சொல்லிவிட்டுப் படியேறியவள்.

கோப்பு பொறுக்கியவள் நொதியின் நாத்தனார். கணவனின் கூடப்பிறந்த தங்கை. நிலையத்தின் கொள்முதல் பிரிவில் வேலை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே அலுவலகம். கல்யாணமான நாளிலிருந்து இவள் முகத்தில் விழிக்காமல் நொதிக்கு ஒரு பொழுது விடிந்ததில்லை.

"என் மெஷினுக்குக் காத்துக் குப்பி கேட்டேனே, என்ன ஆச்சு?" என்றாள் நொதி.

"ஆர்டர் போட்டாச்சு அண்ணி."

"பாதி இருண்டு கிடக்கிற திரை?"

"அதுவும் போட்டாச்சு."

"வண்டிச் சக்கரம்?"

"நேத்தே போட்டாச்சு."

"நீ இன்னும் போடாதது ஏதாவது இருக்கா?"

"உங்களோட சண்டை. அது மட்டும் இன்னும் போடல. ஏன் அண்ணி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?"

வெளுக்காமல் என்ன செய்யும்? இன்று மதியம் வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் சரி என்றால் நொதியின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இரண்டு வளர்ப்பறைகளும் அவளிடமே இருக்கும். இல்லை என்றால் அறைகள் தக்காளிக்குப் போகும். தக்காளி என்பதும் ஓர் ஆள்தான். பழச் சுவை ஆராய்ச்சிக்காரர். கொஞ்சம் குண்டு, கொஞ்சம் சிவப்பு, நிறைய மரியாதை. ஒரு வருஷமாக அந்த அறைகளைக் கேட்டு விண்ணப்பம் போட்டபடி இருப்பவர். அறைகள் அவர் கைக்குப் போனால் நொதியின் மரக்கன்றுகள் குப்பை வண்டியில் ஏறும். பின்னாலேயே நொதியும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். தீக்குச்சி செய்கிற பாப்லர் மரம் ஒன்று. ஒரே இனம். ஆனால் பனி கொட்டும் உயர்ந்த அட்சரேகையிலும் அது வளர்கிறது, வெயில் தாராளமாக இருக்கும் தாழ்ந்த அட்சரேகையிலும் வளர்கிறது. இரண்டு இடத்துக் குச்சிகளையும் வாங்கிவந்து நொதி வேர்விட வைத்தாள். குளிர்தேசத்துக் கன்றுகள் வடக்கு அறையில். வெயில்தேசத்துக் கன்றுகள் எதிரே தெற்கு அறையில். அதே விளக்கு, அதே வெப்பம், அதே தண்ணீர்.

அவள் கணிப்பு: வடக்குக் கன்றுகளே ஜெயிக்கும். அங்கே கோடை வந்த சுருக்கில் போய்விடும். கிடைத்த கொஞ்ச நாளுக்குள் வருஷம் முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும். அதனால் அந்த மரம் தன் இலைக்குள், காற்றைப் பிடித்துச் சர்க்கரைக்கு அடிப்போடும் நொதியை அடைத்துத் திணித்து வைத்திருக்கும். தெற்கு மரத்துக்கு என்ன அவசரம்? நாள் நிறைய இருக்கிறது. மெதுவாகச் சமைத்துக்கொள்ளலாம்.

கணிப்பு அழகாகத்தான் இருந்தது; அது பலித்தால்தான் மதிப்பீட்டாளர் சரி என்பார். ஆனால் இலையைக் கவ்விப் பிடித்து ஒளிச்சேர்க்கையை அளக்கும் மெஷின் வேறு கதை சொன்னது. ஆரம்பத்தில் வடக்குதான் முன்னால் போனது. கொஞ்ச நாளாகத் தெற்கு எகிறிக்கொண்டு ஓடுகிறது. நொதி பொய் சொல்லத் தெரியாத ஜாதி. அந்த எண்களையே அறிக்கையில் எழுதி மதிப்பீட்டாளருக்கு அனுப்பியும் தொலைத்தாள்.

"இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை நொதியையே நேர்ல கேட்டுப் பாத்துடப் போறேன்" என்றாள்.

"யாரை, உங்களையேவா?"

"இலைக்குள்ள இருக்கிறதை. நீ போய் சக்கரத்துக்கு ஆர்டர் போடு."

உறைந்த இலையைக் குளிர்ந்த கல்வத்தில் அரைத்தாள். பச்சைச் சாறு இறக்கி, வேண்டியதைச் சேர்த்து, நொதியின் அளவைக் காட்டும் ஒளிமானிக்குள் வைத்தாள். வடக்கு இலை, தெற்கு இலை, மறுபடி வடக்கு, மறுபடி தெற்கு. சந்தேகமே இல்லை. வடக்கு இலையில் நொதி வண்டி வண்டியாக இருந்தது. சோம்பேறியாகவும் இல்லை, முழு விழிப்பில் இருந்தது.

நொதி முக்காலியில் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்புக் காலை ஆட்டினாள். யோசிக்கும்போது அவளுக்கு அந்தப் பழக்கம்.

ஒரு வீட்டில் பத்து சமையல்காரர்கள். இன்னொரு வீட்டில் ஐந்து பேர். ஆனால் ஐந்து பேர் வீட்டில்தான் சோறு அதிகம் வேகிறது. அப்படியானால் சமையல்காரர்களைத் திட்டிப் பயனில்லை. யாரோ அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாக அரிசி மூட்டை இறக்குகிறார்கள்.

இலைக்கு அரிசி எது? கரியமில வாயு. அது காற்றில் கொஞ்சம் கூடினாலே போதும். இந்த நொதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கரியமிலத்துக்குப் பதிலாகச் சில சமயம் பிராணவாயுவைப் பிடித்துவிட்டு அசடு வழியும். பக்கத்தில் கரியமிலம் தாராளமாக இருந்தால் அந்த அசட்டுத்தனம் குறையும். காற்றுக் குப்பி இல்லாமல் அறைக் காற்றையே உறிஞ்சி அளக்கும் மெஷின் அதைத் திறமை என்று தப்பாகப் படித்துவிடும். காற்றின் அளவைக் காட்டும் வரியோ திரையின் இருண்ட பாதியில்.

நேற்றே இந்தப் பொறி தட்டியிருந்தது. அதனால் வேதியியல் கூடத்திலிருந்து கரியமிலம் பட்டால் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புத் தெளிநீர் வாங்கி, இரண்டு அறையிலும் ஒவ்வொரு கண்ணாடித் தட்டில் ஊற்றி வைத்திருந்தாள். இப்போது போய்ப் பார்த்தாள். வடக்குத் தட்டில் தூசி மாதிரி லேசாக ஒரு படலம். தெற்குத் தட்டில் காய்ச்சிய பால்மேல் ஆடை கட்டினமாதிரி கட்டியிருந்தது.

யாரோ தெற்கு அறைக்குள் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள். தினமும். தாராளமாக.

நொதி நேராகக் கொள்முதல் பிரிவுக்கு நடந்தாள்.

"தக்காளிதான்" என்றாள்.

நாத்தனாரின் பேனா நின்றது. "என்ன தக்காளி?"

"என் தெற்கு ரூம்ல எவனோ புகுந்து மூச்சு விடுறான். தெற்கை ஜெயிக்க வெச்சு என்னைக் கவுக்கப் பாக்கிறான். ரூம் யாருக்கு வேணும்? தக்காளிக்கு. வேற யாரு செய்வா?"

"சேச்சே. அந்த மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு ஆகாது அண்ணி. ஆனா அவரெல்லாம் அப்படிப்பட்டவர் இல்ல."

"ஆகாதவருக்கு இவ்வளவு சிபாரிசா?"

"ஒரு மனுஷர் மேல அநியாயமா பழி போடக் கூடாதுன்னு சொன்னேன். நீங்க எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

அண்ணன் என்பது நொதியின் கணவர். பல் டாக்டர். பகலில் எப்போது போன் செய்தாலும் அவர் இரண்டு பேரோடு பேசுவார்.

"சொல்லும்மா. வாயை நல்லாத் திறங்க. உன்னை இல்லம்மா."

"தெற்கு ரூம்ல யாரோ பூந்து மூச்சு விடுறாங்க."

எதிர்முனையில் சுழன்றுகொண்டிருந்த கருவி சட்டென்று நின்றது.

"மூச்சா? மூச்சு விட்டா என்ன? மரத்துக்கு நல்லதுதானே அது?"

"நல்லதுங்கிறதுதான் பிரச்சனையே. தெற்குக்கு நல்லதுன்னா எனக்குக் கெட்டது. வேலையே போயிடும்போல இருக்கு."

"தெற்கால உன் வேலை போகுமா? துப்புங்க. நான் அதை யோசிக்கவே... இன்னொரு தடவை துப்புங்க."

"யாரு, நானா?"

"நீ இல்லம்மா. நான் அப்புறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததாக நொதிக்குத் தோன்றியது. ஆனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வேகத்தில் அதை நின்று யோசிக்கவில்லை.

பிடிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அறைக்குள் ஒளிந்து காத்திருக்க வேண்டும். ஒளிந்தால் மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால், மதியம் மதிப்பீட்டாளர் வரும் நேரத்தில் அவளே தெற்கை ஊட்டி வளர்த்தவள் ஆவாள்.

தினமும் அவள் அறைப் பக்கம் இல்லாதது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அந்த மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், நொதி ஒரு நீளமான ரப்பர் குழாயோடு தெற்கு அறைக்குள் நுழைந்தாள். மின்கம்பிகள் போவதற்காகச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. குழாயின் ஒரு முனையை அதன் வழியாக நடைவழிக்குத் தள்ளினாள். மறுமுனையை வாயில் கவ்வினாள். துணி உலர்த்தும் கிளிப்பை மூக்கில் மாட்டினாள். கடைசி வரிசை மேசைக்கு அடியில், தொட்டிகளுக்குப் பின்னால் குந்தினாள். நிலையத்தின் மிகச் சிறந்த மூளை, குளத்துக்குள் ஒளிந்த திருடன் கணக்காக, நடைவழிக் காற்றை உறிஞ்சி நடைவழிக்கே விட்டுக்கொண்டிருந்தது.

விளக்கின் வெளிச்சம் தலைமேல் கொதித்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. இலைகள் அசையாமல் நின்றன. 'தின்னுங்கடா, திருட்டுச் சோத்தை நல்லாத் தின்னுங்க' என்று மனதுக்குள் தெற்குக் கன்றுகளைத் திட்டினாள்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

முதலில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. தக்காளியுடையதுதான். நொதியின் இதயம் வெற்றி முரசு கொட்டியது. ஷூ நடந்துவந்து, கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டி ஒன்றின் பக்கத்தில் நின்றது. கைக்குட்டையால் அந்தத் தொட்டியைத் துடைத்தது ஒரு கை. யாரையோ உட்கார வைக்கப்போகிற துடைப்பு.

கதவு மறுபடி திறந்தது. இப்போது ஒரு ஜோடி செருப்பு. நீலப் பட்டை, பக்கத்தில் சின்னதாய் ஒரு பூ.

அந்தச் செருப்பை நொதிக்குத் தெரியும். அதன்மேல் தினமும் காலையில் தடுக்கி விழாத குறை.

"உப்பு கொண்டு வந்தியா?" என்றது தக்காளியின் குரல்.

"கொண்டு வராம? ஆனா இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பணும், இனிமே இங்க வேண்டாம். அண்ணிக்கு உங்க மேலயே சந்தேகம் வந்துடுச்சு" என்றது நாத்தனாரின் குரல். "நீங்கதான் சதி பண்றீங்களாம்."

"நானா? நான் உன்னைத் தவிர யாரையும்..."

நொதிக்கு எதையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது. குழாயைக் கடித்தாள்.

சரியாக அதே நேரத்தில் நடைவழியில் நிலையத்தின் இயக்குநர் நடந்துவந்துகொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் வருவதற்குள் கட்டடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற நடை. சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருப்பதையும், அது 'புஸ், புஸ்' என்று சத்தம் போடுவதையும் கண்டார். வாயுக் கசிவு என்று முடிவுகட்டினார். பொறுப்பான மனிதர். சட்டைப் பையிலிருந்த வரவேற்புரைத் தாளைப் பாதியாகக் கிழித்து, உருட்டி, குழாய்க்குள் அழுத்தித் திணித்துவிட்டு, வந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே நொதி காற்றை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. மூக்கில் கிளிப். கண்ணில் பூச்சி பறந்தது.

தொட்டிகளுக்கு நடுவிலிருந்து, மூக்கில் கிளிப்பும் வாயில் குழாயும் தலையில் இலையுமாக ஓர் உருவம் 'ஹாஆஆ' என்று எழுந்தது. தக்காளி உப்பு தொட்டுத் தின்னக் கையில் வைத்திருந்த பழம் நசுங்கிச் சட்டையெல்லாம் தெறித்தது. நாத்தனார் தொட்டிமேலிருந்து பின்பக்கமாகச் சரிந்தாள்.

"அண்ணி? நீங்களா? நான் என்னமோ வாயில பாம்போட பேய் வருதுன்னு..."

நொதி கிளிப்பைப் பிடுங்கினாள். "ஆகாத மூஞ்சி. ஆர்டர் போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொன்னியே, இதுவும் சேத்தா?"

"நாங்க சும்மா உக்காந்துதான் இருந்தோம் அண்ணி. சத்தமாக்கூடப் பேச மாட்டோம். மெஷின் கெட்டுடுமோன்னு பயந்துகிட்டு."

"மெதுவாப் பேசினா மூச்சு விட மாட்டீங்களா?"

தக்காளி அப்போதுதான் மேசைமேல் இருந்த சுண்ணாம்புத் தட்டைப் பார்த்தார். ஆடை கட்டிய அந்தத் தட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிவப்பு மொத்தமும் வடிந்தது.

"கரியமிலம்" என்றார் மெல்ல. "மேடம், உங்க தெற்கை ஜெயிக்க வெச்சது நானா?"

"நீங்க விஞ்ஞானிதானே? மூச்சுல என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும் மேடம். ஆனா நான் இங்க விஞ்ஞானியா வரல."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நொதி வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பேசி அலறியது. இயக்குநர். மதிப்பீட்டாளர் முன்னாலேயே வந்துவிட்டாராம். வாசலில் நிற்கிறாராம்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தக்காளி சட்டைப் பையில் கைவிட்டு, விரல் நீளத்தில் ஓர் உலோகக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"உங்களுக்காக இவ கேட்டது, என் லேப்ல கடைசியா இருந்தது. மெஷின்ல இதை மாட்டுங்க. அறைக் காத்து வேண்டாம். ரெண்டு இலைக்கும் ஒரே காத்து போகும்."

"இதை மாட்டினா நான் ஜெயிப்பேன். உங்களுக்கு ரூம் கிடைக்காது."

"தெரியும் மேடம். மாட்டுங்க."

மதிப்பீட்டாளர் ஒல்லியான பெண்மணி. வாயில் இருமல் மிட்டாய். யார் என்ன சொன்னாலும் தலையாட்டாத கழுத்து. இயக்குநர் பாதி வரவேற்புரையை வாசித்து, மீதி எங்கே என்று பையைத் தடவி, அசடு வழிந்து நிறுத்தினார்.

நொதி மெஷினில் குப்பியை மாட்டினாள். முதலில் தெற்கு இலை. எண் ஏறி, தயங்கி, ஓரிடத்தில் நின்றது. பிறகு எதிர் அறைக்குப் போய் வடக்கு இலை. எண் அதே இடத்தைத் தாண்டியது. தாண்டியும் நிற்காமல் போனது. இயக்குநர் கைதட்டப் போய், யாரும் சேராததால் கையைத் தேய்த்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் திரையை விரலால் தட்டினார். "கீழ்ப்பாதி எங்கே?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள்.

"ஆர்டர் போட்டாச்சு மேடம்" என்றாள் அவள், ஈனக் குரலில்.

மதிப்பீட்டாளர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "உங்க அறிக்கையில தெற்கு முன்னால இருக்கு. இப்ப வடக்கு முன்னால இருக்கு. நாளைக்கு வந்தா யாரு இருப்பாங்க?"

"வடக்குதான் மேடம். இலைக்குள்ள நொதி வடக்குலதான் அதிகம். காலையில அளந்து வெச்சிருக்கேன். அன்னைக்கு அளந்தப்ப தெற்கு ரூம்ல காத்து கெட்டிருந்தது."

"எப்படிக் கெட்டுச்சு?"

நொதி நாத்தனாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். சுவரைப் பார்த்தாள். "மனுஷ மூச்சு மேடம்."

"யாரோட மூச்சு?"

நொதி மெஷினிலிருந்து குப்பியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல" என்றார் மதிப்பீட்டாளர். "வெளியாள் யாராவது வேணும்னே புகுந்து கலைச்சிருந்தா அது விசாரணை. விசாரணை முடியிற வரைக்கும் ரெண்டு ரூமுக்கும் சீல். உள்ள யாரும் போகக் கூடாது, தண்ணி ஊத்தக்கூட."

விசாரணைகள் எந்த வேகத்தில் நடக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இல்லாத கன்று எந்த வேகத்தில் காயும் என்று நொதிக்குத் தெரியும். ஜெயித்த வடக்கும் தோற்ற தெற்கும் ஒன்றாகச் சுள்ளியாகும். அவள் வேலையும்தான்.

"என் மூச்சுதான்" என்று தக்காளி முன்னால் வந்தார். சட்டையில் பழச்சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. பார்ப்பதற்குக் கொலை செய்துவிட்டுச் சரணடைய வந்தவர் மாதிரியே இருந்தார்.

இயக்குநருக்கு அதிர்ச்சி. "நீங்களா? ரூம் கேட்டு விண்ணப்பம் போட்ட நீங்களா?"

"சார், நான் அதுக்காகப் போகல."

"வேற எதுக்குப் போனீங்க?"

தக்காளி சட்டைக் கறையைச் சுரண்டினார். காதுமடல் மட்டும் பழைய நிறத்துக்குத் திரும்பியது. மதிப்பீட்டாளர் பைக்குள் கைவிட்டுப் பேனாவைத் தேடினார். அந்தக் கை எதை எழுதப்போகிறது என்று நொதிக்குப் புரிந்தது.

"எங்க மூச்சு" என்றாள் நாத்தனார்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"அவர் மட்டும் இல்ல மேடம். நானும்தான். சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் அங்க உக்காந்திருப்போம். வேற எங்கயும் எங்களுக்கு இடம் இல்ல. புருஷன் பொண்டாட்டி நடைவழியில நின்னு பேச முடியுமா?"

"யாரு புருஷன்? யாரு பொண்டாட்டி?" என்றார் இயக்குநர்.

"இவர். நான். பதிவுத் திருமணம். அண்ணிகிட்ட இன்னும் சொல்லல."

நொதி பக்கத்திலிருந்த தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காதல் என்பதை மேசைக்கு அடியில் குந்தியிருந்தபோதே ஜீரணித்துவிட்டாள். கல்யாணம் புதுசு.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்களுக்கும் இவருக்கும் ரூம் விஷயத்துல ஆகாதே அண்ணி. முடிவு தெரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம். நீங்க ஜெயிச்சா மனசு குளுந்திருக்கிற நேரம் பாத்து, இவர் ஜெயிச்சா உங்க காலைப் பிடிச்சு."

இயக்குநர் புன்னகைக்க ஆரம்பித்தார். மதிப்பீட்டாளர் ஆரம்பிக்கவில்லை. பேனா கையிலேயே இருந்தது.

"கதை நல்லா இருக்கு" என்றார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. எதிரும் புதிருமா ரெண்டு ரூம் இருக்கு. ஒரே வெளிச்சம், ஒரே சூடு, ரெண்டுக்கும் பூட்டு இல்ல. சும்மா உக்காந்து பேசப் போறவங்க ஒரு நாள் இதுல போவாங்க, ஒரு நாள் அதுல போவாங்க. நீங்க ஒரு நாள்கூட வடக்குக்குப் போகல. போயிருந்தா வடக்கும் சேந்து ஏறியிருக்கும், இந்த வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. எந்த ரூம்ல மூச்சு விட்டா இவங்க தோப்பாங்களோ, சரியா அந்த ரூமையே பாத்துப் போயிருக்கீங்க. தற்செயல்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். ஏன் தெற்கு?"

தக்காளி தரையைப் பார்த்தார். நொதி நாத்தனாரைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு நல்ல பதில் இவளிடம் இருக்க வேண்டுமே என்று, கல்யாணத்தையும் கோபத்தையும் மறந்து, கண்ணாலேயே கெஞ்சினாள்.

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன்தான் சொன்னாரு அண்ணி. சாட்சிக் கையெழுத்தைப் போட்டுட்டுப் பேனாவை மூடிக்கிட்டே சொன்னாரு. 'அந்த நிலையத்துல எங்க வேணா உக்காந்து பேசுங்க, வடக்கு ரூம் பக்கம் மட்டும் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க. அந்தக் கன்னுங்கதான் உன் அண்ணிக்கு உசிரு. அதுங்களுக்கு ஒண்ணுன்னா அவ வேலையே போயிடும். நீங்க தெற்குலயே இருந்துக்கோங்க. அது எப்படிப் போனா நமக்கென்ன'ன்னு."